நனையாத கட்டில்

செர்ரா வெல்யா, மினாஸ்
18 ஆகஸ்ட் 1996

உப்பு,

ஜுசாரா என்றுதான் முதலில் தொடங்கினேன். பல் மருத்துவருக்கு எழுதுவது போல இருந்தது, கிழித்துவிட்டேன். இந்த வீட்டுக்குள் யாருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் நின்றதில்லை. நீ உப்பளத்து ஊர்க்காரி, அதனால் உப்பு. நான் விடியுமுன்னே எல்லோரையும் எழுப்பித் தொலைத்தேன், அதனால் சேவல். மூன்று வருடமாக நாம் பேசவில்லை என்பதற்காக உன் பெயர் மாறிவிடாது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வீட்டை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மழைக்கோட்டைக் கூடக் கழற்றாமல் அறை அறையாகப் போய்க் கட்டில்களை எண்ணினார். மார்ச்சில் வகுப்பு தொடங்கும்போது எட்டுக் கட்டிலிலும் மாணவிகள் இருந்தால் ஏழு ஒழுக்கு மாணவியர் இல்லமாகவே இருக்கலாம். ஒரு கட்டில் காலி என்றாலும் வீடு பயன்பாட்டில் இல்லை என்று எழுதிவிட்டுப் பழைய கோப்புகளைக் கொண்டுவந்து அடுக்குவார்கள்.

"பழமையான கட்டடம்மா, இதக் காப்பாத்தணும்னுதான் நாங்களும் நெனைக்கிறோம்" என்றார்.

"கோப்புக்கு ஈரம் ஆகாதே சார். கூரை ஏழு இடத்துல ஒழுகுது. வீட்டுப் பேரே அதுதான்."

"அடைச்சுட்டாப் போச்சு" என்றார். இத்தனை தலைமுறைப் பெண்களுக்கு இந்த யோசனை தோன்றவில்லை பார்.

பழைய பெண்கள் எல்லோரும் சேர்ந்துவிட்டோம். பெலோ ஓரிசோன்ச்சியிலிருந்து, சாவ் பாவ்லோவிலிருந்து, ஒருத்தி போர்ச்சுகலிலிருந்துகூட எழுதியிருக்கிறாள். கூரையைப் பிரித்து மேய்வதற்கு ஓடும் ஆளும் ஏற்பாடாகிவிட்டன. இந்த ஊரிலேயே தங்கிப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பாவி நான் ஒருத்திதான் என்பதால் செயலாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஏழு கட்டிலுக்கு ஆள் இருக்கிறது. எட்டாவது, ஒரு வியாழக்கிழமை வந்து இறங்கி வியாழன் என்று பெயர் வாங்கினாளே, அவளுடையது.

சட்டம் உனக்கு மறந்திருக்காது. புதிதாக வந்த காலத்தில் நாம் மூவரும் படிக்கட்டில் நின்று ஒப்பித்ததுதான். ஒருத்தி பட்டம் வாங்கினால் அவள் படம் கூடத்துச் சுவரில் ஏறும், கட்டில் அடுத்தவளுக்குப் போகும். படம் ஏறாமல் கட்டிலை எடுக்க வேண்டுமானால் அவளோடு இந்தக் கூரையின் கீழ் இருந்த எல்லோரும் டப்பாவில் கறுப்புப் பயறு போட வேண்டும். சோள மணி விழுந்தால் மறுப்பு. ஒரு பயறு குறைந்தாலும் மறுப்புதான்.

வியாழன் பட்டம் வாங்கவில்லை. அதற்கு முன்பே அவள் போன பேருந்து ஆற்றில் விழுந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் போட்டுவிட்டோம். நாலு வருடமாகக் குறைகிற ஒரே பயறு உன்னுடையது.

நீ இவ்வளவு தூரம் வர வேண்டாம். இத்துடன் ஒரு பயறு வைத்திருக்கிறேன். அதையே ஒரு உறையில் போட்டுத் திருப்பி அனுப்பு. ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

சேவல்


அரேயா பிராங்கா
2 செப்டம்பர் 1996

கிராசியேலா,

கடிதம் வந்தது. பயறும் வந்தது.

பயறை மருந்துக்கடை மேசையில் வைத்திருந்தேன். சித்தி எடுத்து உலையில் போட்டுவிட்டாள். "ஒத்தப் பயற யாராச்சும் கவர்ல வெச்சு அனுப்புவாங்களா? மலைக்காரங்களுக்கு மூளை குளிர்ல வெறச்சுப் போச்சுடி" என்றாள். இங்கே சமைப்பது பழுப்புத் தட்டைப்பயறு. அதற்குள் கறுப்பு ஒன்று கிடந்தால் தெரிந்திருக்க வேண்டும். தட்டில் தேடினேன், காணவில்லை. தின்றுவிட்டேன் போலிருக்கிறது.

எனக்கு மறுப்பு இல்லை. மறுப்பு இருந்தால் சோளம் அனுப்பியிருப்பேன். சோளம் இங்கேயும் கிடைக்கிறது. சம்மதமும் இல்லை. நீ கேட்டது எனக்குப் புரிகிறது. யாரோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது கேட்பது போலப் புரிகிறது.

சித்தியின் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். மதியம் காற்று வந்தால் கண்ணாடியில் உப்பு படியும். துடைப்பேன். மறுபடி படியும். இந்த ஊரில் மழை கிடையாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுத வந்தேன், பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை. மழை கிடையாது, அவ்வளவுதான்.

ஜுசாரா


செர்ரா வெல்யா
20 செப்டம்பர் 1996

உப்பு,

இந்த வீட்டின் வாக்கைத் தின்று செரித்த முதல் ஆள் நீதான். கூட்டத்தில் வாசித்தேன். போர்ச்சுகல்காரி தவிர எல்லோரும் இருந்தார்கள், சிரித்தார்கள். பிறகு யாரோ, "அப்ப அவ இன்னும் சாப்பிடறா, நல்லதுதான்" என்றாள். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

வேறு பயறு வைத்திருக்கிறேன். நூலில் கட்டியிருக்கிறேன். உன் சித்தி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

நீ பார்க்காத ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். வடக்கே பாராவிலிருந்து வந்த பெண், எடிலேனி. சுரங்கவியல் படிக்கிறாள். புதிதாக வந்தவள் இங்கே பூச்சி அல்லவா, மாசக்கணக்காகக் கழுத்தில் பூச்சி என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு திரிகிறாள், பாத்திரம் தேய்க்கிறாள், சுவரில் இருக்கிற நம் படங்களையெல்லாம் பெயரோடு ஒப்பிக்கிறாள். உன்னைச் சொல்லும்போது மட்டும், "இது உப்பு. இவங்க இன்னும் பயறு போடல" என்று ஒரு வரி கூடுதலாக வரும். சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதல் ராத்திரி மழை. கூடத்துக் கட்டிலை ஒட்டிப் பாய் போட்டுக் கொடுத்திருந்தோம். காலையில் பார்த்தால் படுத்தபடியே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

"ஏண்டி, பாத்திரம் வெக்கத் தெரியாதா?"

"ஒழுக்கு யாரோடதுன்னு தெரியலக்கா. அடுத்தவங்க ஒழுக்குல கை வெக்கலாமான்னு யோசனையா இருந்துச்சு."

வந்த அன்றே அதைப் புரிந்துகொண்டாள் பார்த்தாயா. யார் கட்டிலுக்கு மேல் ஒழுகுகிறதோ அவள்தான் அதற்குச் சொந்தக்காரி. அவள்தான் பாத்திரம் வைக்க வேண்டும், வெயில் காலத்தில் அவள்தான் ஏறி ஓடு மாற்ற வேண்டும். நமக்கு இது மண்டையில் ஏற ஒரு மழைக்காலம் பிடித்தது. அன்றே அவளுக்குக் குடை என்று பெயர் வைத்துவிட்டோம்.

குடை இன்னும் கூடத்துப் பாயில்தான் படுக்கிறாள். பக்கத்து அறையில் ஒரு கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. வீட்டிலேயே ஒழுகாத ஒரே கட்டில். ஏழு பேர் பாத்திரத்தோடு மல்லுக்கட்டுவோம், வியாழன் மகாராணி மாதிரி காலை நீட்டிப் படுத்திருப்பாள். சீட்டுக் குலுக்கியபோது அவளுக்கு விழுந்தது, நாம் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மழை வலுத்தால் நீ தலையணையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கு ஓடுவாய். "என் ஒழுக்கு இன்னிக்கித் தாங்காதுடி" என்பாய். கடலோரத்தில் பிறந்தவளுக்குத் தண்ணீரைக் கண்டால் இத்தனை பயமா என்று கேலி செய்வோம்.

அக்டோபர் பன்னிரண்டு, வீட்டு விழாவுக்கு வா. பழைய பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். என்னோடு பேச வேண்டாம். டப்பாவில் போட்டுவிட்டுப் போய்விடு. நீ எந்த நேரம் வந்தாலும் இங்கே உனக்குப் படுக்க இடம் உண்டு. அதுவும் சட்டம்தான்.

சேவல்


அரேயா பிராங்கா
5 அக்டோபர் 1996

கிராசியேலா,

வரவில்லை. மூன்று பேருந்து மாற வேண்டும் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பேருந்தில் ஏற எனக்குப் பயமும் இல்லை. டிக்கெட் கவுண்டர் வரை போனேன். முன்னால் நின்றவர் பக்கத்து ஊரான மொசோரோவுக்குக் கேட்டார். என் முறை வந்தபோது நானும் மொசோரோ என்றேன். போய், சந்தையைச் சுற்றிவிட்டு, திரும்பி வந்தேன்.

அந்தப் படத்தைப் பற்றி நீ எழுதவில்லை. நான் எழுதிவிடுகிறேன். அவள் இறந்ததற்கு மறு வருடம் அதே அக்டோபர் விழாவில் நீ அவள் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினாய். பட்டம் வாங்காதவளுக்காகச் சட்டத்தை வளைத்தாய். எல்லோரும் கைதட்டினார்கள், அழுதார்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றிக்கொண்டு வெளியே போனேன். "உனக்கு மட்டுந்தான் அவ ஃப்ரெண்டா?" என்று நீ வாசல் வரைக்கும் வந்து கத்தினாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்வதற்கான இடம் அந்த வாசல் இல்லை.

சுவரில் இருப்பவர்கள் எல்லாம் போனவர்கள். படம் ஏறினால் போய்விட்டாள் என்று அர்த்தம். அப்போது அப்படித் தோன்றியது. இப்போது எதுவும் தோன்றவில்லை.

உப்பளத்து ஆட்கள் கடைக்கு வருவார்கள். பாதம் அத்தனை தடித்துப் போயிருக்கும். கீறியது அவர்களுக்கு வலித்துத் தெரிவதில்லை. நடந்த வழியில் உப்பு சிவந்திருப்பதைத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். "யாருக்கோ அடிபட்ருக்குன்னு நெனைச்சேன், பாத்தா நானு" என்று நேற்று ஒருவர் சிரித்தார். கட்டுப் போட்டுவிட்டேன். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அழவில்லை என்று என்மேல் உனக்குக் கோபம் இருந்தது. எனக்கும் இருந்தது. அதுவும் இப்போது இல்லை.

நூலில் கட்டிய பயறு மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் குடைப் பெண்ணிடம் என் படத்தைப் பற்றி அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டாம் என்று சொல். இல்லை, சொல்லட்டும். உண்மைதானே.

ஜுசாரா


செர்ரா வெல்யா
17 அக்டோபர் 1996

உப்பு,

விழா முடிந்தது. என் தொண்டை கட்டிவிட்டது. இதை எழுதுகிறபோது கைதான் பேசுகிறது.

தோனா ஒட்டாசிலியா வந்திருந்தார், இந்த வீட்டைத் தொடங்கிய பெண்களில் ஒருவர், நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே அவர் பெயர் சுண்டெலி. கரும்புச் சாராயம் உள்ளே போனதும் கூடத்து மேசைமேல் ஏறி, "கோப்பு அடுக்கறதுக்கா நாங்க இந்த வீட்ட அழுது புரண்டு வாங்கினோம்? அந்த அதிகாரிய இங்க கூட்டிட்டு வாங்கடி, ஆறு மாசம் பூச்சியா வெச்சுப் பாத்திரம் தேய்க்க விடலாம்!" என்றார். இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் கொத்தனார் கூரை பார்க்க வந்தார். அறை அறையாக ஓட்டுக்கு அடியில் கட்டிய மூங்கில் பாயை விலக்கிக் காட்டினார். ஏழு ஒழுக்குக்குக் கீழும் மரம் திடமாக இருக்கிறது. எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. கடைசியில் எனக்கு ஒரே பெருமை, "வியாழன் ரூம பாக்கவே வேணாம், அங்க ஒழுக்கே கெடையாது" என்றேன். அவர் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, ஒரு கைப்பிடி மரத்தூளை என் உள்ளங்கையில் வைத்தார். காப்பித்தூள் மாதிரி ஈரமாக இருந்தது.

அந்த அறை உத்தரம் போய்விட்டது, உப்பு. மெத்தையைப் புரட்டினால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. நாங்கள் மேல் விரிப்பை மட்டும்தான் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தோம். மற்ற ஒழுக்குக்கெல்லாம் கீழே ஒருத்தி படுத்திருந்தாள், பாத்திரம் வைத்தாள், ஓடு மாற்றினாள். அவள் போன பிறகு எப்போதோ அங்கே ஒன்று தொடங்கியிருக்கிறது. முகத்தில் சொட்ட ஆள் இல்லை. நாலு மழைக்காலம் யார் காதிலும் விழாமல் ஒழுகியிருக்கிறது.

நாம் அவளுக்காகப் பத்திரமாக வைத்திருந்த ஒரே இடம்தான் இந்த வீட்டில் அழுகிப்போன ஒரே இடம். இதை எழுதும்போது அழுகை வருமென்று பார்த்தேன், எனக்கும் வரவில்லை. உன்னைப் பார்த்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

பெரிய மழைக்கு முன் உத்தரத்தை மாற்றாவிட்டால் அந்தச் சுவர் சரியும், அதோடு வீடும். மாற்ற வேண்டுமென்றால் கட்டிலை எடுக்க வேண்டும். கட்டிலை எடுக்க உன் பயறு வேண்டும். சுண்டெலியே, "சட்டத்த ஒரு தடவ மீறுவோம், நான் நீதிபதி சொல்றேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். ஏற்கெனவே ஒரு முறை வளைத்தவள் அல்லவா.

குடைதான் எழுந்தாள். கழுத்தில் அட்டையோடு.

"வேணாங்க. ஒரு பயறு கொறைஞ்சு நான் அந்தக் கட்டில்ல ஏறினா விருந்தாளி மாதிரிதான் இருப்பேன். சொவரு விழுந்தா விழட்டும், நான் கூடத்துலயே படுத்துக்கறேன். அவங்க போடட்டும்."

"அவ போடவே மாட்டான்னா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அப்ப அவங்களுக்கு அந்தக் கட்டில் இன்னும் வேணும்னு அர்த்தம். என்னவிட அவங்களுக்குத் தேவை போலருக்கு."

குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது, அவளே ஓடிப்போய் இறக்கினாள்.

நான் உன்னைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். திட்டு எதுவும் மிச்சமில்லை. மேகம் இறங்கிவிட்டது, சொல்லிவிட்டேன்.

சேவல்


அரேயா பிராங்கா
29 அக்டோபர் 1996

சேவல்,

உறைக்குள் இருப்பது தட்டைப்பயறு. நீ அனுப்பியதை இழுப்பறையில் வண்டு துளைத்துவிட்டது. துளை விழுந்ததை அனுப்ப மனம் வரவில்லை. நிறம் பழுப்பு என்று யாராவது தகராறு செய்தால் எங்கள் ஊரில் பயறு என்றால் இதுதான் என்று சொல். சுண்டெலி தீர்ப்புச் சொல்லட்டும்.

கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரத்தை மாற்றுங்கள். மெத்தையை எரித்துவிடுங்கள். படம் என்னிடமே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் நீ தப்பாக எழுதியிருக்கிறாய். அந்த ஒழுக்கு அவள் போன பிறகு தொடங்கியது இல்லை. நாம் சீட்டுக் குலுக்கிய வருடமே இருந்தது. முதல் மழையிலேயே அவள் பார்த்துவிட்டாள். சொன்னால் அவளும் கூடத்திலிருந்து ஒரு பாத்திரம் எடுத்து வர வேண்டும், எட்டாவது ஒழுக்கு என்று எல்லோரும் வந்து பார்ப்பீர்கள், வீட்டுப் பெயரை மாற்ற வேண்டுமென்று ஒரு கூட்டம் நடக்கும். அதற்கெல்லாம் அவள் பயப்படவில்லை. அந்தக் கட்டிலும் ஒழுகுகிறது என்று தெரிந்தால், மழை ராத்திரியில் நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு அங்கே வர ஒரு காரணமும் இருக்காது.

அதனால் அவளுடைய தகரக் குவளையை வைத்தோம். சத்தம் கேட்காமலிருக்க அடியில் ஒரு காலுறையைப் போட்டாள். நிறைந்தால் நான் எழுந்து ஜன்னல் வழியாக ஊற்றுவேன். மழைக்காலம் முழுக்க நான் அதைத்தான் செய்தேன். தண்ணீருக்குப் பயந்தவள் என்று நீங்கள் சிரித்தபோது அவளும் உங்களோடு சேர்ந்து சிரிப்பாள், உங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக.

குவளை கட்டிலுக்கு அடியில், சுவர் மூலையில் இருக்கும். நீங்கள் மேல் விரிப்பை மட்டும் மாற்றியிருந்தால் அது இன்னும் அங்கேயே இருக்கும். குடையிடம் கொடு. ஒழுக்கு இனி அவளுடையது.

புது உத்தரம் போட்டாலும் அந்த மூலையில் ஒழுகும், ஓட்டின் வாட்டம் அப்படி. நேராகச் சொட்டாது. தெற்கிலிருந்து காற்று அடித்தால் மரத்தோடு ஓடிவந்து கால்மாட்டில் விழும். கட்டிலைக் கதவுப் பக்கம் ஒரு சாண் நகர்த்தச் சொல். சுவர்ப் பக்கம் எப்போதும் நனையாது. ஒருத்தி சுவரை ஒட்டிப் படுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் இடம் இருக்கும்.

உப்பு